கம்ப்யூட்டர் போட்டதும் "ஃபேன் எரர்" என்று நிற்கிறதா? பயப்படாதீங்க, முதலில் பாருங்க!



சில மாதங்களுக்கு முன் ஓர் ஊராட்சியில் குழுக் கூட்டம் முடிந்து, தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓர் அக்கா மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். முகம் வாடிக் கிடந்தது. "என்னக்கா, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டேன். "உடம்புக்கு என்ன மேடம், குழுவுல வாங்கின கடன்தான் தண்ணியில போயிடும் போலிருக்கு" என்றார்.

அவர் குழுவில் 25,000 ரூபாய் உள்கடன் எடுத்திருந்தார். டைப்பிங், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்க வீட்டுத் திண்ணையிலேயே ஒரு சின்னக் கடை வைக்கத் திட்டம். பாலிடெக்னிக் படிக்கும் அவர் மகள், "செட்டா வாங்கினா காசு ஜாஸ்திம்மா. பார்ட் பார்ட்டா வாங்கிட்டு வந்தா நானே மாட்டிடறேன்" என்று சொல்லி, இரண்டு நாள் உட்கார்ந்து வீட்டிலேயே கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டாள். சுவிட்ச் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: "சி.பி.யு. ஃபேன் எரர்! பிரஸ் எஃப்-1". அதோடு நின்றுவிடுகிறது. எத்தனை தடவை போட்டாலும் இதே கதை.

டவுனிலிருந்து வந்த மெக்கானிக் தம்பி திரையை மட்டும் பார்த்துவிட்டு, "போர்டு போச்சுக்கா. மாத்த 5,000 ரூபாய் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீட்டில் அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு ஸ்க்ரூ டிரைவர் வேலை?" என்று. பெண் சரியாகச் சாப்பிடக்கூட இல்லையாம். பத்தாம் தேதி முதல் தவணை கட்ட வேண்டும்.

நான் சமூகப்பணி படித்தவள், கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. ஆனால் எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரில் இதே எழுத்து வந்தபோது காசு கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. அதனால் "வாங்கக்கா, போய்ப் பார்ப்போம்" என்று கிளம்பினேன். அங்கே என்ன நடந்தது என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம்.

அந்த விசிறி எதற்கு?

கம்ப்யூட்டரின் எல்லாக் கணக்கையும் போடுவது பிராசசர் என்ற சின்னச் சில்லு. வேலை செய்யும்போது அது நன்றாகச் சூடேறும். கொதிக்கும் பாலை ஆற்ற என்ன செய்கிறோம்? அகலமான பாத்திரத்தில் ஊற்றி விசிறுகிறோம். இங்கேயும் அதேதான். பிராசசர் மேல் அலுமினியத் தகடுகள் வரிவரியாக நிற்கும் ஒரு கட்டி இருக்கும். அதற்கு ஹீட் சிங்க் என்று பெயர். சூட்டை வாங்கி அகலமாகப் பரப்புவது அது. அதன் மேல் இருக்கும் சின்ன விசிறி சூட்டை வெளியே தள்ளுகிறது. பிராசசருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் சூடு சீராகக் கடக்க ஒரு பசை தடவியிருப்பார்கள்.

விசிறி நின்றுபோனால் பிராசசர் உடனே கருகிவிடாது. இன்றைய பிராசசர்கள் பெரும்பாலும் 100 டிகிரி சென்டிகிரேடை நெருங்கும்போது தாங்களாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கம்ப்யூட்டர் தானே அணைந்துவிடும். பாதி அடித்த விண்ணப்பம் போச்சு, வாடிக்கையாளர் போச்சு. அதனால்தான் போர்டு முதலிலேயே எச்சரிக்கிறது.

விசிறி சுற்றுவது போர்டுக்கு எப்படித் தெரியும்?

போர்டுக்குக் கண் இல்லை. அது பார்ப்பது வருகைப் பதிவேட்டை மட்டும்தான்.

விசிறியிலிருந்து வரும் ஒயரில் 3 அல்லது 4 கம்பிகள் இருக்கும். இரண்டு கம்பி மின்சாரத்துக்கு, 12 வோல்ட். மூன்றாவது கம்பி தகவல் சொல்ல. விசிறி ஒரு சுற்று சுற்றினால் அந்தக் கம்பி வழியாக இரண்டு துடிப்பு போகும். போர்டு அதை எண்ணி, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று கணக்குப் போடும். நான்காவது கம்பி இருந்தால், வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் அது உதவும்.

கம்ப்யூட்டர் போட்டதும், பிராசசர் விசிறிக்கென்று உள்ள இடத்தில் துடிப்பு வருகிறதா என்று போர்டு பார்க்கும். வராவிட்டால் எரர். நம் குழுவில் ஒரு உறுப்பினர் கூட்டத்துக்கு வந்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் போனால் என்ன ஆகும்? அவர் வரவில்லை என்றுதான் ஆகும். அதே கதைதான். அதனால் இந்த எரருக்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்:

ஒன்று, ஆள் வரவே இல்லை. அதாவது விசிறி சுற்றவில்லை.
இரண்டு, ஆள் வந்தார், கையெழுத்து விழவில்லை. விசிறி சுற்றுகிறது, தகவல் போய்ச் சேரவில்லை.
மூன்று, ஆள் தாமதம். விசிறி மெதுவாகச் சுற்றுகிறது.

திறப்பதற்கு முன்

சுவிட்சை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். பிறகு கம்ப்யூட்டரின் பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தினால் மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். கை ஈரமாக இருக்கக் கூடாது. போர்டைத் தொடும் முன் கேபினெட்டின் இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டுத் தொடுங்கள். வளையல், தொங்கும் சங்கிலி இருந்தால் கழற்றி வையுங்கள்.

படிப்படியாகப் பார்ப்போம்

1. விசிறி சுற்றுகிறதா? பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, பிளக்கை மாட்டி சுவிட்ச் போடுங்கள். உள்ளே கை விடாமல் கண்ணால் மட்டும் பாருங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

2. சுற்றுகிறது, ஆனாலும் எரர் வருகிறதா? மறுபடி அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விசிறி ஒயர் எங்கே போகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போங்கள். போர்டில் விசிறி ஒயர் சொருக ஒரே மாதிரி இரண்டு மூன்று இடம் இருக்கும். பிராசசர் பக்கத்தில் இருப்பதில் "சி.பி.யு. ஃபேன்" என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். மற்றவை "சிஸ்டம் ஃபேன்" அல்லது "சேஸி ஃபேன்". தவறான இடத்தில் சொருகினாலும் விசிறி சுற்றும், ஆனால் கையெழுத்து வேறு பதிவேட்டில் விழும். பவர் சப்ளை ஒயரில் நேராக மாட்டியிருந்தாலும் இதே நிலைமைதான். 3 கம்பி பிளக்கை 4 முள் உள்ள இடத்தில் தாராளமாகச் சொருகலாம். வழிகாட்டும் பட்டை இருக்கும் பக்கம் பார்த்து, வலுக்கட்டாயம் செய்யாமல் கடைசி வரை அழுத்துங்கள்.

3. சுற்றவே இல்லையா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு விரலால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். வேறு ஏதாவது ஒயர் இறக்கையில் சிக்கியிருக்கலாம். பழைய கம்ப்யூட்டர் என்றால் தூசி, பூச்சி, பல்லி முட்டைகூட இருக்கும். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் துடையுங்கள். பிளோயர் அடித்தால் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தாறுமாறாகச் சுற்றிக் கெட்டுவிடும். சுத்தம் செய்து, சரியான இடத்தில் சொருகியும் சுற்றவில்லை என்றால் விசிறியை மாற்ற வேண்டியதுதான். கடைக்குப் போகும்போது பிராசசரின் பெயரை எழுதிக்கொண்டு போங்கள். எல்லாக் கூலரும் எல்லாப் போர்டுக்கும் பொருந்தாது.

4. மெதுவாகச் சுற்றுகிறதா? கம்ப்யூட்டர் போட்டவுடன் டெலீட் அல்லது எஃப்-2 பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் என்ற அமைப்புப் பக்கம் திறக்கும். அதில் "மானிட்டர்" அல்லது "ஹார்டுவேர் மானிட்டர்" என்ற பகுதியில் விசிறியின் வேகமும் பிராசசரின் சூடும் தெரியும். சில போர்டுகளில் வேகத்துக்குக் கீழ் வரம்பு வைத்திருப்பார்கள். உதாரணமாக வரம்பு 600 சுற்று, உங்கள் விசிறி அமைதியாக 450-ல் ஓடும் வகை என்றால் எரர் வரும். சூடு சரியாக இருந்தால் அந்த வரம்பை 300-க்குக் குறைக்கலாம். வேகமாக ஓட வேண்டிய பழைய விசிறி கறகற என்று தேய்ந்து ஓடினால், வரம்பைக் குறைக்காதீர்கள். விசிறியை மாற்றுங்கள்.

5. சூட்டையும் பாருங்கள். பயாஸ் பக்கத்தில் சும்மா நிற்கும்போது நம் ஊர் வெயிலுக்கு 40 முதல் 55 டிகிரி வரை காட்டினால் கவலை இல்லை. விசிறி சுற்றியும் சில நிமிடத்திலேயே 80, 90 என்று ஏறினால் உடனே அணையுங்கள். ஹீட் சிங்க் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். சில கூலர்களில் நான்கு மூலையில் பிளாஸ்டிக் கால்கள் இருக்கும். நான்கும் "டக்" என்று இறங்கியிருக்க வேண்டும். எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். ஒரு தடவை கழற்றினால் பழைய பசையைத் துடைத்துவிட்டு, புதிதாகப் பட்டாணி அளவுக்கு வைத்தே மாட்ட வேண்டும்.

இதெல்லாம் வேண்டாம்!

* தினமும் எஃப்-1 தட்டிவிட்டு வேலை பார்க்காதீர்கள்.
* பயாஸில் எச்சரிக்கையையே அணைத்து வைக்கும் வசதி உண்டு. காரணம் தெரியாமல் அதைச் செய்யாதீர்கள். நாய் குரைக்கிறது என்று நாயை விரட்டிவிட்டால் திருடன் வராமலா இருப்பான்?
* ஹீட் சிங்க் இல்லாமல் "ஒரு நிமிஷம்தானே" என்று போட்டுப் பார்க்காதீர்கள்.
* ஈரத்துணி போட்டுத் துடைக்காதீர்கள்.
* பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் ஒருநாளும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

அந்த வீட்டில் என்ன நடந்தது?

நான் எதிலும் கை வைக்கவில்லை. "பாப்பா, நீதானே மாட்டினே. நீயே பாரு. விசிறி ஒயர் எங்கே போகுது?" என்று மட்டும் கேட்டேன். அவள் டார்ச் அடித்து ஒயரைத் தடவிக்கொண்டே போனாள். விசிறி நன்றாகச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஒயர் சொருகியிருந்தது "சிஸ்டம் ஃபேன்" இடத்தில். பக்கத்தில் "சி.பி.யு. ஃபேன்" இடம் காலியாக இருந்தது. இரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி. பிடுங்கி மாற்றிச் சொருகினாள். பத்து நிமிடம், ஒரு பைசா செலவில்லை.

சுவிட்ச் போட்டோம். எரர் வரவில்லை. பயாஸில் பார்த்தால் விசிறி ஆயிரத்துக்கு மேல் சுற்று, சூடு 46 டிகிரி. அந்த அக்கா திரையைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இம்புட்டுதானாடி?" என்று கேட்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதல் தவணை பத்தாம் தேதியே கட்டியாகிவிட்டது.

அந்த மெக்கானிக் தம்பியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மூடியைத் திறக்காமலே முடிவு சொன்னதுதான் தப்பு. நமக்கும் கேட்கத் தெரியவில்லை. இனி யாராவது "போர்டு போச்சு" என்றால் மூன்று கேள்வி கேளுங்கள்: விசிறி சுற்றுகிறதா? ஒயர் எந்த இடத்தில் இருக்கிறது? பயாஸில் சூடு எவ்வளவு காட்டுகிறது? பதில் வந்த பிறகு பணத்தை எடுங்கள். வட்டி கட்டப்போவது நாம்தானே!

குழுவில் கலந்து பேச

* நம் குழுவில் கம்ப்யூட்டர், தையல் மெஷின், கிரைண்டர் என்று கடனில் வாங்கிய எந்திரங்கள் எத்தனை? அவற்றைப் பராமரிக்கத் தெரிந்தவர் யார்?
* பழுது என்றதும் நாம் முதலில் பார்க்கிறோமா, பயப்படுகிறோமா?
* நம் பிள்ளைகளில் இந்த வேலை தெரிந்தவர் இருந்தால், ஒருநாள் கூட்டத்தில் சொல்லித் தரச் செய்யலாமா?

அந்தப் பெண் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு ஸ்க்ரூ டிரைவரோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். கூட்டமைப்பு அலுவலகக் கம்ப்யூட்டரைத் திறந்து தூசி தட்டிக் காட்டப் போகிறாள். எல்லோரும் வாருங்கள். வந்தவர்கள் மறக்காமல் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள்!