மலையேற ஜீன்ஸ் வேண்டாமே!

மலையேறப் போகும் மாணவர்கள் காலணி வாங்க ஒரு மாதம் யோசிப்பார்கள். குளிராடையை அண்ணனிடமோ மாமாவிடமோ இரவல் கேட்பார்கள். காற்சட்டை மட்டும், வீட்டில் இருக்கும் ஜீன்ஸே போதும்!

படிவம் 4 படிக்கும்போது நானும் அப்படித்தான் ஜொகூரின் லேடாங் மலைக்குப் போனேன். ஓர் ஓடையைக் கடக்கும்போது தொடை வரை நனைந்தது. மாலையில் இறங்கி வரும்வரை ஜீன்ஸ் காயவே இல்லை. ஈரத்துணி உராய்ந்து தொடையின் உட்புறம் புண்ணாகி, மூன்று நாள் கால்களை அகட்டி அகட்டி நடந்தேன். லேடாங்கின் உயரம் 1,276 மீட்டர்தான். அதனால் புண்ணோடு போயிற்று. 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலுவில் இதே தவறு ஆபத்தில் முடியலாம்.

ஜீன்ஸ் பெரும்பாலும் பருத்தி. பருத்தி இழை செல்லுலோஸால் ஆனது. செல்லுலோஸ் மூலக்கூறுகளில் நிறைந்துள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள், நீர் மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்கின்றன. தொட்டுப் பார்த்தால் உலர்ந்ததாகத் தெரியும் பருத்தித் துணிகூடக் காற்றிலிருந்து தன் எடையில் சுமார் 8 விழுக்காடு ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். நைலானில் இது சுமார் 4 விழுக்காடு. பாலியெஸ்டரில் வெறும் 0.4 விழுக்காடு.

அப்படியென்றால் பாலியெஸ்டர் நனையாதா? நனையும். ஆனால் நீர் இழைக்குள் ஊறுவதில்லை; இழைகளுக்கு இடையிலேயே நிற்கிறது. மெல்லிய நெசவில் அது நுண்புழை விளைவால் அகலமாகப் பரவி, விரைவில் ஆவியாகிவிடும். தடித்த ஜீன்ஸ் துணியிலோ நீர் இழைக்குள்ளும் ஊறுகிறது, நூல்களுக்கு இடையிலும் தேங்குகிறது.

தேங்கிய நீரின் எடை ஒரு சுமை. அதைவிடப் பெரிய சிக்கல் வெப்பம். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் தேவை. ஈரக் காற்சட்டையில் 300 கிராம் நீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது முழுவதும் காய 720,000 ஜூல் வேண்டும். இரண்டு லிட்டருக்கும் சற்று அதிகமான தண்ணீரை 25 டிகிரி செல்சியஸிலிருந்து கொதிக்க வைக்கும் அளவு வெப்பம் அது! வெயில் இல்லாத இடத்தில் அதன் பெரும்பகுதியை யார் கொடுப்பது? உங்கள் கால்கள்தான்.

தாழ்வான காட்டில் இது பெரிதாக உறைக்காது. வியர்த்துக் கொட்டும் நேரத்தில் குளிர்ச்சி சுகமாகக்கூட இருக்கும். மேலே போகப் போகக் கதை மாறும். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. கினபாலுவில் நடை தொடங்கும் திம்போகோன் வாயில் 1,866 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து உச்சிக்குப் போவதற்குள் 14 டிகிரிக்கு மேல் குறைந்துவிடும். அதிலும் சூரிய உதயம் காண நள்ளிரவு தாண்டிய இருட்டில், பலத்த காற்றில் ஏறுவார்கள். அப்போது ஈர உடையோடு நின்றால் உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கும் நிலை வரலாம். இதுவே ஹைப்போதெர்மியா. முதலில் நடுக்கம் வரும். பிறகு விரல்கள் சொன்னபடி கேட்காது, பேச்சு குழறும். கயிற்றைப் பிடித்து ஏற வேண்டிய வழுக்குப் பாறையில் இது விளையாட்டல்ல.

இன்னொன்று, முழங்கால். குந்தி உட்காரும்போது முழங்காலின் மேலுள்ள தோல் நீளவாக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விரிகிறது. தோல் விரியும், ஜீன்ஸ் விரியாது. ஈரமானால் தோலோடு ஒட்டிக்கொண்டு நகரவும் மறுக்கும். உயரமான படி ஒவ்வொன்றிலும் நீங்கள் மலையோடு மட்டுமல்ல, துணியோடும் மல்லுக்கட்டுகிறீர்கள்.

எனவே கடையில் முதலில் லேபிளைப் பாருங்கள். நைலானோ பாலியெஸ்டரோ பெரும்பங்கு இருந்து, கொஞ்சம் எலாஸ்டேன் கலந்திருந்தால் நல்லது. நைலான் உராய்வை நன்கு தாங்கும். பாலியெஸ்டர் விலை மலிவு, ஆனால் வியர்வை நாற்றத்தை எளிதில் விடாது (கூடாரத்தில் உடன் படுப்பவர்கள் சொல்வார்கள்!). அணிந்து பார்க்கும் அறையில் வெட்கப்படாமல் ஒருமுறை குந்தி எழுங்கள். ஒரு காலை நாற்காலி மீது வையுங்கள். கவட்டையில் தனித்துண்டு வைத்துத் தைத்திருந்தால் கால் தாராளமாக அகலும். வெளிர் நிறமாக இருந்தால் அட்டை ஏறுவது கண்ணில் படும்.

விலை உயர்ந்த முத்திரைதான் வேண்டும் என்பதில்லை. பள்ளி விளையாட்டுக் காற்சட்டை பாலியெஸ்டராக இருந்தால் அதுவே போதும். பிரம்பு முள்ளில் மாட்டிக் கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். ஜீன்ஸையும் அதையும் உலர்ந்த நிலையில் எடை போடுங்கள். இரண்டையும் நனைத்துப் பிழிந்து மீண்டும் எடை போட்டு, நிழலில் தொங்கவிட்டு மணிக்கொரு முறை எடையைக் குறித்து வாருங்கள். எடை பழைய நிலைக்கு முதலில் திரும்புவதை அணிந்துகொள்ளுங்கள். இன்னொரு காற்சட்டையை நெகிழிப் பையில் இறுகக் கட்டிப் பையின் அடியில் வையுங்கள். இரவு தங்குமிடத்தை அடைந்ததும் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.