ஏட்டில் இல்லாத வம்சாவளி

இங்கிலாந்தின் நிலவுடைமைக் குடும்பங்கள் 1538 முதல் தேவாலயங்கள் எழுதிவைத்த ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளையும் உயில்களையும் கோத்து முன்னோரைத் தேடுகின்றன. அடிவார ஊரான காரவள்ளிக்கு மேலே, கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு அத்தகைய ஏடுகள் இல்லை. காஞ்சியிலிருந்து வந்து மூன்று மலைகளில் குடியேறிய மூன்று சகோதரர்களின் கதையே உண்டு. இனவியலாளர் எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூலில் அதைப் பதிவுசெய்தார். அச்சில் ஏறியதாலேயே அது வரலாறாகிவிடாது.

அப்படியானால் வாய்மொழி வெறும் கட்டுக்கதையா? அல்ல. கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன்மலை மக்கள் தம்மை ஒரே வழியினராகக் கருதுவதை அது காட்டுகிறது. உயிலும் முழுச் சாட்சியல்ல: சொத்தற்றவர் உயில் எழுதுவது அரிது; 1882 வரை மணமான ஆங்கிலப் பெண்கள் பெரும்பாலும் கணவர் இசைவின்றி எழுதவே இயலவில்லை. கதை உறவைச் சொல்லும். காலத்தைக் கல்வெட்டிலும் நிலப்பதிவிலும்தான் தேட வேண்டும்.