கடற்கரையில் ஒரு பகல்

எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினர் கிளிநொச்சியில் இருந்து காரைநகர் கசூரினா கடற்கரைக்கு ஒருநாள் சுற்றுலா ஒழுங்கு செய்தார்கள். என்னையும் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன்.

எனது கணவருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து மூன்று வருடங்கள். நெடுநாள் நீரிழிவுதான் காரணம். கிழமையில் இரண்டு தடவை வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்வேன். ஒவ்வொரு தடவையும் நான்கு மணித்தியாலம் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிப்பார்கள். வீட்டில் குடிக்கும் தண்ணீரையும் அளந்துதான் கொடுக்க வேண்டும். இந்த மூன்று வருடத்தில் ஒருநாள் கூட நான் அவரைவிட்டு விலகி இருந்ததில்லை.

"ஒருநாள்தானே, போட்டு வா. தங்கச்சி வந்து நிப்பாள்" என்று அவர்தான் வற்புறுத்தினார். மச்சாளுக்கு மருந்து நேரம், தண்ணீர் அளவு எல்லாம் ஒரு தாளில் எழிதிக் கொடுத்தேன். அவரது இடது கையில் நாடியையும் நாளத்தையும் இணைத்துச் சத்திரசிகிச்சை செய்திருக்கிறார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் 'கிர்ர்' என்று ஓர் அதிர்வு தெரியும். அது நின்றால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தினமும் காலையில் நான் தொட்டுப் பார்ப்பது அதைத்தான். அன்றும் தொட்டுப் பார்த்துவிட்டே பஸ் ஏறினேன்.

பொன்னாலைப் பாலம் தாண்டியதும் எல்லோரும் பாட்டுப் பாடினார்கள். நான் கைத்தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் அலையில்லாமல் குளம்போலக் கிடந்தது. சவுக்கு மர நிழலில் ஒருவர் இளநீர் வெட்டித் தந்தார். வாயில் வைத்ததும் தொண்டை அடைத்தது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். பழுதடைந்த சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. இரத்தத்தில் கூடினால் இதயத் துடிப்பையே குழப்பிவிடும். அவருக்கு மிகவும் பிடித்த இளநீரை மூன்று வருடமாக அவர் தொடவில்லை. நான் இங்கே குடிக்கிறேனே என்று கண் கலங்கியது.

பக்கத்து வீட்டு அக்கா அருகில் வந்து அமர்ந்தார். அவரது கணவர் 2009 இல் காணாமலாக்கப்பட்டவர். "பிள்ளை, கோல் எடுத்தா அங்கால கதைக்க உனக்கு ஆள் இருக்கு. எடுத்துக் கதைச்சுப்போட்டு வா, காலை நனைப்பம்" என்றார். அவர் முன்னால் அழுததற்கு வெட்கப்பட்டேன். "அழாதை எண்டு சொல்லேல்லை. கதைச்சுப்போட்டு வா எண்டுதான் சொன்னனான்" என்று முதுகைத் தடவினார்.

அழைத்தேன். "கஞ்சி குடிச்சிட்டன். கை கிர்ர் எண்டுது. இளநி குடிச்சியே?" என்று கேட்டார். குடித்தேன் என்றேன். "எனக்கும் சேர்த்துக் குடி" என்று சிரித்தார். அதன்பின் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில் வெகுநேரம் நின்றேன். கவலை போய்விடவில்லை. ஆனால் மூச்சு இலேசாக வந்தது.

இரவு வீடு திரும்பியதும் அவர் கையை நீட்டினார். விரல் வைத்தேன். அதிர்வு அப்படியே இருந்தது.

நோயாளியைப் பராமரிக்கும் சகோதரிகளே, உங்கள் வேலையை வீட்டில் இன்னொருவருக்கும் பழக்கி வையுங்கள். மருந்து விபரத்தையும் ஆபத்து அறிகுறிகளையும் எழுதிக் கிளினிக் கொப்பியுடன் வையுங்கள். நாம் விழுந்தால் அவர்களைத் தாங்க யார் இருக்கிறார்கள்? ஒரு பகல் ஓய்வெடுப்பது அவர்களைக் கைவிடுவதாகாது.