உப்பு என்றால் முழு உப்பா?

ரீகா பல்தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியர் பால் வால்டன் 1914-இல் ஒரு விநோதமான உப்பைப் பற்றி எழுதினார். எத்தில் அமீனும் நைட்ரிக் அமிலமும் சேர்ந்து உண்டாகும் எத்தில் அம்மோனியம் நைட்ரேட் அது. சமையல் உப்பை உருக்க 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். இதற்குச் சுமார் 12 டிகிரியே போதும். உருகிய உப்புகள் மின்சாரத்தை எப்படிக் கடத்துகின்றன என்று அளப்பதே வால்டனின் நோக்கம். உலைச் சூட்டில் அளப்பது பெரும்பாடு. கரிம உப்புகள் அந்தச் சூட்டில் சிதைந்தும் போகும். அதனால்தான் எளிதில் உருகும் உப்புகளைத் தேடிப் போனார்.

நைட்ரிக் அமிலத்தின் புரோட்டான் எத்தில் அமீனுக்குப் போவதால்தான் இந்த உப்பு பிறக்கிறது. இப்படி அமிலம் புரோட்டானைக் கொடுக்கிறது, காரம் அதை வாங்கிக்கொள்கிறது என்று பிரான்ஸ்டெடும் லௌரியும் விளக்கியது 1923-இல்தான். அந்த விளக்கம் வந்த பிறகும் வால்டனின் திரவத்தை வெகுகாலம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்டவர்களும், உப்பு என்று பெயர் வந்துவிட்டால் உள்ளே இருப்பவை எல்லாம் அயனிகளே என்று எடுத்துக்கொண்டார்கள்.

இன்று இந்த வகைக்குப் புரோட்டிக் அயனித் திரவங்கள் என்று பெயர். அமிலத்தையும் காரத்தையும் கலந்தாலே பல சமயம் கிடைத்துவிடும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. போன புரோட்டான் திரும்பியும் வரலாம். திரும்பிவிட்டால் மிஞ்சுவது அயனிகள் அல்ல. பழைய அமில மூலக்கூறும் கார மூலக்கூறும்தான். அவை ஆவியாகும், மின்சாரத்தைக் கடத்தாது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆஸ்டின் ஏஞ்சல் குழு 2003-இல் இதை அளவுகோல் வைத்துப் பார்த்தது. அந்த அளவுகோலும் வால்டன் கொடுத்ததுதான். பாகுத்தன்மை ஏற ஏற மின்கடத்தல் அதே விகிதத்தில் குறையும் என்பது அவரது 1906-ஆம் ஆண்டு விதி. நீர்த்த பொட்டாசியம் குளோரைடு கரைசலை வைத்து ஒரு கோடு வரைந்தால், நல்ல அயனித் திரவங்கள் அந்தக் கோட்டை ஒட்டி நிற்கும். வெகுவாகக் கீழே விழுபவற்றில் புரோட்டான் முழுமையாக மாறியிருக்காது. அல்லது அயனிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். இவற்றை ஏஞ்சல் ‘ஏழை அயனித் திரவங்கள்’ என்றார்.

புரோட்டான் மாறுமா என்று முன்கூட்டியே கணிக்க ஒரு கணக்கும் வந்தது. புரோட்டானைப் பிடித்து வைக்கும் வலிமையைக் காட்டுவது பி.கே.ஏ. மதிப்பு. அமிலம், காரம் இரண்டின் பி.கே.ஏ. மதிப்புகளுக்கும் உள்ள வித்தியாசம் 10-ஐத் தாண்டினால் மாற்றம் ஏறக்குறைய முழுமை. வால்டனின் திரவத்துக்கு அது சுமார் 12. அசெட்டிக் அமிலத்தோடு சாதாரண அமீன்களைச் சேர்த்தாலோ 6-தான். ஆனால் அந்த மதிப்புகள் நீரில் அளந்தவை. இந்தத் திரவத்தில் நீரே கிடையாது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் மக்ஃபார்லேன் குழு 2010-இல் இதைத் தெளிவாகக் காட்டியது. வித்தியாசம் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தும், அசெட்டிக் அமிலத்திடமிருந்து ஓரிணைய அமீன் (நைட்ரஜனில் ஒரே கரிமத் தொகுதி உள்ளது) புரோட்டானை நன்றாக வாங்கிக்கொண்டது; மூவிணைய அமீன் (மூன்று தொகுதிகள் உள்ளது) வாங்கத் தயங்கியது. ஓரிணைய அமீனில் ஹைட்ரஜன் பிணைப்புக்கு இடம் அதிகம், பிறந்த அயனிகளை அது தாங்கிப் பிடிக்கிறது.

அடுத்த திருப்பம் ஜப்பானில். மெத்தில் இமிடசோல் என்ற காரமும் அசெட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் பெரும்பாலும் மூலக்கூறுகளே இருக்கின்றன என்று நீகாட்டா பல்கலைக்கழகத்தின் உமேபயாஷி குழு கண்டது. ஆனாலும் அது மின்சாரத்தைக் கடத்துகிறது. செங்கல் கைமாற்றும் சித்தாள் வரிசையைப் போல, மூலக்கூறுகள் அதிகம் நகராமலே புரோட்டான் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவதே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். நீரில் இந்த வகைத் தாவலைக் குரோட்டஸ் 1806-லேயே ஊகித்திருந்தார்.

தொழிற்சாலைக்கு வருவோம். பாஸ்பரஸ் சேர்மங்களைத் தயாரிக்கும்போது வெளியாகும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பிடிக்க முன்பு மூவிணைய அமீன்களைச் சேர்ப்பார்கள். திட உப்பு பிரிந்து, கலக்கவும் வடிக்கவும் முடியாத கூழாகும். ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் அமீனுக்குப் பதிலாக மெத்தில் இமிடசோலை இட்டது. அது புரோட்டானை வாங்கியதும் உண்டாகும் உப்பு 75 டிகிரியில் உருகித் தனி அடுக்காகப் பிரிந்துவிடும். பிறகு வலுவான காரத்தைச் சேர்த்துப் புரோட்டானைப் பறித்தால் மெத்தில் இமிடசோல் திரும்பக் கிடைக்கும். பின்லாந்தின் ஐயான்செல் முறையில் மரக்கூழைக் கரைத்து நூலாக்குவதும் ஒரு புரோட்டிக் திரவம்தான். பிர்ச் மரத்திலிருந்து அப்படி வந்த துணியில் தைத்த கவுனை அந்நாட்டின் அப்போதைய அதிபரின் மனைவி யென்னி ஹௌக்கியோ 2018 சுதந்திர தின விருந்தில் அணிந்தார்.

அன்று உப்பா இல்லையா என்பதோடு கேள்வி முடிந்தது. இன்று எவ்வளவு உப்பு, எந்த முறையில் அளந்தது, எந்த வேலைக்கு என்று மூன்றாகக் கேட்கிறார்கள். புரோட்டான் மாற்றம் குறைவாக இருப்பது ஒரு வேலைக்குக் குறை. இன்னொரு வேலைக்கு அதுவே வசதி.