டிசம்பரில் பிறந்த பையன்

ஜாதகத்தில் உங்களுக்கு நம்பிக்கை உண்டோ இல்லையோ, பிறந்த மாதத்துக்கும் கால்பந்துக்கும் சம்பந்தம் உண்டு என்று சொன்னால் சிரிப்பீர்கள். சற்றுப் பொறுங்கள். இதில் ராசியும் இல்லை, நட்சத்திரமும் இல்லை.

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில், மேலக்கோட்டையூரில் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதனாலோ என்னவோ, இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பந்து என்றால் உயிர். அப்படிப்பட்ட ஒரு பையனின் தாயாரைச் சமீபத்தில் சந்தித்தேன். பத்து வயதுக்கு உட்பட்டோர் அணிக்கு ஆள் எடுத்தார்களாம். பையன் அழுதுகொண்டு வீடு திரும்பியிருக்கிறான்.

"நல்லாத்தான் ஆடினான், ஸார். 'பொடியனா இருக்கான், அடுத்த வருஷம் பார்க்கலாம்'னுட்டாங்க" என்றாள் அந்த அம்மாள்.

"எப்போது பிறந்தவன்?" என்று கேட்டேன். டிசம்பர் கடைசி வாரம்!

சங்கதி இதுதான். நம் நாட்டில் சிறுவர் கால்பந்துக்கு வயதுக் கணக்கு ஜனவரி 1-ந் தேதி தொடங்குகிறது. ஜனவரியில் பிறந்தவனும் அதே வருஷம் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே அணிக்குப் போட்டியிட வேண்டும். பெரியவர்களுக்குப் பதினோரு மாதம் ஒரு பொருட்டா? பத்து வயதுப் பையனுக்கோ அது அவன் ஆயுளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு! அந்த வயதில் வருஷத்துக்கு ஐந்து சென்டிமீட்டராவது வளருகிறார்கள். மூத்தவன் உயரமாக நிற்பான், வேகமாக ஓடுவான். பார்க்கிறவர்கள், "ஆகா, என்ன திறமை!" என்று அவனை எடுத்துக் கொள்கிறார்கள். பிறகு அவனுக்கு நல்ல பயிற்சி, நிறையப் பந்தயங்கள். பதினெட்டு வயதில் அந்தப் பதினோரு மாதம் மறைந்துவிடும். பெற்ற பயிற்சி மறையுமா?

இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் ஒரு பெண்மணி என்பதில் நமக்குப் பெருமைதான். கனடாவில் ஐஸ் ஹாக்கிப் பந்தயம் பார்க்கப் போன பாலா பார்ன்ஸ்லி என்ற அம்மாள், நிகழ்ச்சி நிரலில் ஆட்டக்காரர்களின் பிறந்த தேதிகளைப் படித்துப் பார்த்தார். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்றே வந்துகொண்டிருந்தது! மனோதத்துவ நிபுணரான கணவர் ரோஜரிடம் சொன்னார். 1985-ல் அவர்களுடைய ஆராய்ச்சி வெளிவந்தது.

கால்பந்திலும் அதே கதைதான். பெல்ஜியத்தில் முன்பு ஆகஸ்டில் கணக்குத் தொடங்கியது. ஆகஸ்டுப் பிள்ளைகள் கொழித்தார்கள். 1997-ல் அதை ஜனவரிக்கு மாற்றினார்கள். உடனே ஜனவரிப் பிள்ளைகள் முன்னே வந்துவிட்டார்கள்! திறமை ஒரே வருஷத்தில் மாதம் விட்டு மாதம் தாவுமா, சொல்லுங்கள்?

(அந்தக் காலத்து ஹெட்மாஸ்டர்கள் பள்ளியில் சேர்க்கத் தோதாக நம் பெரியவர்களையெல்லாம் ஜூனில் பிறக்க வைத்தார்களே, அதுபோலத் தேதியைத் திருத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். 2009 முதல் பதினேழு வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் மணிக்கட்டு எலும்பைப் படமெடுத்தே வயதைச் சோதிக்கிறார்கள்.)

எல்லாச் சின்னவர்களும் தோற்றுப்போவதில்லை. இங்கிலாந்தில் கணக்குத் தொடங்குவது செப்டம்பரில். ஹாரி கேன் பிறந்ததோ ஜூலை 28. சிறுவனாக இருந்தபோது ஒரு பெரிய கிளப் அவரை அனுப்பிவிட்டது. பின்னாளில் அவர்தான் இங்கிலாந்துக்காக அதிகக் கோல் அடித்தவர். நம் ஜீக்சன் சிங்கைப் பாருங்கள். 2017-ல் டில்லியில் கொலம்பியாவுக்கு எதிராக, உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் கோலைத் தலையால் முட்டிப் போட்டாரே, அவர் 2001 ஜூனில் பிறந்தவர். 2000 ஜனவரியில் பிறந்தவர்கள்கூட ஆடலாம் என்றிருந்த போட்டி அது! ஆனால் இப்படித் தப்பி வந்தவர்களை மட்டுமே நமக்குத் தெரிகிறது. அழுதுகொண்டே பந்தைப் பரணில் போட்டவர்களை யார் எண்ணினார்கள்?

பரிகாரம் உண்டா? உண்டு, செலவும் இல்லை. ஹாலந்தில் நடந்த ஒரு சோதனையின் விவரம் 2017-ல் வெளியாயிற்று. சிறுவர்களின் சட்டை எண்களை வயது வரிசைப்படி கொடுத்து, அதன் அர்த்தத்தையும் தேர்வாளர்களிடம் சொல்லிவிட்டார்கள். மூத்தவர்கள் பக்கம் சாய்ந்த பாரபட்சம் மறைந்தது. வெறுமே பிறந்த தேதிப் பட்டியலைக் கையில் கொடுத்தபோது அது மறையவில்லை.

இவ்வளவையும் அந்த அம்மாளிடம் உற்சாகமாகச் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவள், "இதை அந்த மாஸ்டர்கிட்ட இல்லே நீங்க சொல்லணும்?" என்றாள்.