ஈவோ பொகொரேலிச்: சராசரிக்குள் அடங்காத ஒரு பியானோ கலைஞர்

இன்னைக்கு எபிசோட் ஒரு குரோஷியப் பியானோ கலைஞரைப் பற்றி. ஆனா கதை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல ஆரம்பிக்குது.

கொஞ்ச நாள் முன்னாடி ஆபீஸ்ல ஒரு இன்டர்வியூ பேனல்ல இருந்தேன். நாலு பேர் மார்க் போட்டோம். ஒரு பையனுக்கு 5, 5, 1, 1. சராசரி 3. இன்னொருத்தருக்கு 4, 4, 3, 3. சராசரி 3.5. ரெண்டாவது ஆளை எடுத்துட்டு, அஞ்சு நிமிஷத்துல மீட்டிங்கை முடிச்சுட்டோம். முதல் பையனுக்கு 5 போட்டதுல ஒருத்தன் நான். 1 போட்டவங்ககிட்ட "ஏன்?"னு நான் கேட்கவே இல்லை. அது உறுத்திக்கிட்டே இருந்தது. அப்போதான் 1980 வார்சா ஞாபகம் வந்தது.

ஈவோ பொகொரேலிச் 1958-ல் பெல்கிரேடில் பிறந்தவர். அப்போ அது யூகோஸ்லாவியா. அப்பா குரோஷியர், அம்மா செர்பியர். அப்பாவும் இசைக்கலைஞர்தான், டபுள் பாஸ் வாசிப்பவர். 12 வயதில் பையன் படிக்க மாஸ்கோ போனான். அங்கே 1976-ல் அலிசா கெசெரட்ஸே என்ற ஜார்ஜியப் பியானோ ஆசிரியையிடம் சேர்ந்தார். கிட்டத்தட்ட 20 வயது மூத்தவர். 1980-ல் அவரையே திருமணம் செய்துகொண்டார்.

அதே வருஷம் வார்சாவில் ஷோப்பான் போட்டி. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நடப்பது. பியானோ உலகத்தில் இதைவிடப் பெரிய மேடை குறைவு. பொகொரேலிச் ஏற்கனவே 1978-ல் இத்தாலியில் கசாகிராண்டே போட்டியையும், 1980-ல் மான்ட்ரியல் போட்டியையும் ஜெயித்தவர். விரல் திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பிரச்சினை அவர் வாசித்த விதம். வேகத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றுவார். மற்றவர்கள் பின்னணியில் விடும் ஒரு வரியை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார். சிலருக்கு அது புது வெளிச்சம். சிலருக்கு அது ஷோப்பானுக்குச் செய்த அவமரியாதை.

நடுவர் குழு ரெண்டா உடைஞ்சது. அவர் முதல் சுற்றைத் தாண்டியதையே ஏற்க முடியாமல் லூயிஸ் கென்ட்னர் விலகினார். மூன்றாவது சுற்றில் பொகொரேலிச் வெளியேற்றப்பட்டார், இறுதிச்சுற்றுக்குப் போகவில்லை. இப்போ எதிர்ப்பக்கம் வெடித்தது. 1965-ல் இதே போட்டியை ஜெயித்த மார்த்தா ஆர்கெரிச், அவர் ஒரு மேதை என்று சொல்லிவிட்டு நடுவர் பொறுப்பிலிருந்து வெளியேறினார். அதாவது, ஒரே ஆளுக்காக ஒருத்தர் "ஏன் உள்ளே விட்டீங்க"ன்னு போனார், இன்னொருத்தர் "ஏன் வெளியே அனுப்பினீங்க"ன்னு போனார்!

ஜெயித்தவரும் லேசுப்பட்டவர் இல்லை. வியட்நாமின் டாங் தாய் சோன், இந்தப் போட்டியை வென்ற முதல் ஆசியர். போர்க்காலத்தில் பியானோ கற்றவர். 2021-ல் ஜெயித்த புரூஸ் லியூவுக்கு ஆசிரியரும் அவரே. அதனால "தப்பான ஆளுக்குப் பரிசு கொடுத்துட்டாங்க"ன்னு நான் சொல்ல வரலை.

நான் சொல்ல வர்றது கணக்கைப் பற்றி. எல்லாரும் 3 போட்டாலும் சராசரி 3. பாதிப் பேர் 5, பாதிப் பேர் 1 போட்டாலும் சராசரி 3. முதல் ஆள் "பரவாயில்லை" ரகம். ரெண்டாவது ஆளைப் பற்றி இன்னும் பேசி முடிக்கலைன்னு அர்த்தம். ஸ்ப்ரெட்ஷீட்ல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். சமீபத்திய ஷோப்பான் போட்டிகளில், ஒரு நடுவரின் மதிப்பெண் சராசரியை விட்டு ரொம்ப விலகினால் அதை ஒரு எல்லைக்குள் இழுத்துவிடும் விதியும் இருந்தது. ஒருதலைப்பட்சமான நடுவரைக் கட்டுப்படுத்த நல்ல வழிதான். ஆனா ஆர்கெரிச் மாதிரி ஒருத்தரோட குரலையும் அதே விதி தணிச்சுடும்.

தோற்றவருக்கு என்ன ஆச்சு? 1981-ல் கார்னகி ஹாலில் முதல் கச்சேரி. டாய்ச்சே கிராமோஃபோன் நிறுவனத்துக்காகத் தொடர்ந்து ஆல்பங்கள். தோல்வியே அவரைப் பிரபலமாக்கியது. 1996-ல் அலிசா இறந்தார். மனைவியும் குருவும் ஒரே நாளில் போனது மாதிரி. கொஞ்ச காலம் மேடையை விட்டே விலகினார். திரும்பி வந்தபோது வாசிப்பு இன்னும் மெதுவாக, இன்னும் தனி வழியில். 2019-ல் சோனி வழியாக பீத்தோவன், ராக்மனினோவ் பதிவுகள். 2022-ல் மறுபடி ஷோப்பான். இப்பவும் விமர்சகர்கள் ரெண்டு கட்சிதான்.

முதல்முறை கேட்கிறவங்க அவரோட ஸ்கார்லாட்டி ஆல்பத்துல ஆரம்பிங்க. அப்புறம் பிராம்ஸோட ஓபஸ் 118, ரெண்டாவது துண்டு. பலர் 6 நிமிஷத்துல முடிக்கிறதை இவர் 8 நிமிஷத்துக்கும் மேல வாசிப்பார். பிடிக்கலைன்னாலும் தப்பில்லை. எனக்கே முதல்ல பிடிக்கலை.

எங்க பேனல்ல நான் ஒரு மாற்றம் கேட்டிருக்கேன். ஒரே ஆளுக்கு 5-ம் 1-ம் வந்தா, சராசரி போடறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு பேரும் பத்து நிமிஷம் பேசணும். ஒத்துக்கிட்டாங்க. அந்தப் பையனுக்கு அது லேட். அவனுக்கு ஒரு ஆர்கெரிச் தேவைப்பட்டப்போ நான் லேப்டாப்பை மூடிட்டு லஞ்சுக்குப் போயிட்டேன்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.