மேகி ஆன்ட்டி மைக் பிடித்த கதை

முதலில் காலைப் பாருங்கள். உஷா உதுப் மேடையேறினால் எல்லாருடைய கண்ணும் நெற்றிக்குத்தான் போகும். வங்காள எழுத்தில் 'க' என்று பதித்த அந்தப் பெரிய பொட்டு அப்படி இழுக்கும். பொட்டை விட்டால் தலைநிறையப் பூ, முழங்கை வரைக்கும் வளையல். நான் கீழே பார்ப்பேன். காஞ்சிபுரம் பட்டுத்துணி வைத்துத் தைத்த ஸ்போர்ட்ஸ் ஷூ! ஜரிகை மின்னும் ஷூவை மாட்டிக்கொண்டு ராக் அண்ட் ரோல் பாடும் ஒரு பாட்டி! மும்பை மாதுங்காவில் முகூர்த்தப் புடவை எடுக்கப் போகிற மாமிகளில் எத்தனை பேருக்கு இந்த யோசனை வந்திருக்கும்? எனக்கு வந்ததில்லை. பார்த்த நாளிலிருந்து பொறாமையாக இருக்கிறது.

நான் உங்களைக் கூட்டிப்போக விரும்புவது 2010 டிசம்பருக்கும் 2011 பிப்ரவரிக்கும் இடையிலான எட்டு வாரங்களுக்கு. அந்த எட்டு வாரத்தில் நடந்ததைச் சேர்த்துப் பார்த்தால் தலை சுற்றும். டிசம்பர் 23 அன்று 'மன்மதன் அம்பு' வெளியானது. அதில் மாதவனின் அம்மாவாக வந்தார் உஷா. ஜனவரியில் பத்மஸ்ரீ அறிவிப்பு. பிப்ரவரி 18 அன்று விஷால் பரத்வாஜின் '7 கூன் மாஃப்'. அதில் நடிப்பும் உண்டு, பாட்டும் உண்டு. வயது அப்போது 63. ராக் உலகில் இப்படித் திரும்பி வந்தவர்களை எண்ணிப் பாருங்கள். பாடகி டீனா டர்னர் 'பிரைவேட் டான்ஸர்' இசைத்தட்டோடு திரும்பி வந்து உலகத்தையே ஆட்டியது 1984-இல். அவருக்கு அப்போது நாற்பத்து சொச்சம். 'பேட் அவுட் ஆஃப் ஹெல்'லின் இரண்டாம் பாகத்தோடு மீட் லோஃப் எழுந்து வந்த 1993-இலும் அவருக்கு அதே நாற்பதுகள்தான். நம்ம அம்மா அறுபதைத் தாண்டிவிட்டுத்தான் திரையைக் கிழித்துக்கொண்டு வந்தார்.

நம்ம அம்மா என்று உரிமையோடு சொல்கிறேன், காரணம் இருக்கிறது. 1947-இல் பம்பாயில் பிறந்த தமிழ்ப்பெண் அவர். அப்பா பம்பாய் போலீஸில் அதிகாரி. பைக்குல்லாவில் குடியிருப்பு, அங்கேயே செயின்ட் ஆக்னஸ் பள்ளி. வீட்டில் ரேடியோ சிலோன் ஓடிக்கொண்டே இருக்கும். அக்கா உமா போச்சாவும் பாடகி. 'பாம்பே மேரி ஹை' என்று இந்த நகரத்தைக் கொண்டாடிய அந்த ஆங்கிலப் பாட்டில் கேட்கிறதே ஒரு குரல், அது உமாவுடையது. தங்கையின் குரலோ வேறு ஜாதி. பள்ளிக்கூடப் பாட்டு வகுப்பில் இந்தக் கனத்த குரல் ஒத்துவராது என்று பாடவிடவே இல்லை. கையில் தட்டிக்கொண்டிருக்க ஒரு தாளக்கட்டையைக் கொடுத்தார்கள். இதை அவரே எத்தனையோ பேட்டிகளில் சிரித்தபடி சொல்லியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. சின்னக் குழந்தை, பாட்டு என்றால் உயிர், மற்றவர்கள் பாட இவள் கட்டை தட்டுகிறாள்.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டர் வளாகத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்ற இரவு விடுதி. அங்கே புடவை கட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்தார். அடுத்து பம்பாயில் 'டாக் ஆஃப் தி டவுன்', கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் 'டிரிங்காஸ்'. அந்த நாளில் இசைத்தட்டுகளில் அவர் பெயர் உஷா ஐயர். கல்கத்தா ராக் குழுவான ஃப்ளின்ட்ஸ்டோன்ஸோடு அவர் பதிவு செய்த 'மிட்நைட் அவர்' எங்காவது கிடைத்தால் விடாதீர்கள். ஐயர் என்ற பெயரும் அலறும் கிட்டாரும் ஒரே தட்டில்! இவரை ராக் பாடகி என்று சொல்லலாமா என்று யாராவது கேட்டால் நான் நீட்டும் சாட்சி அதுதான்.

சினிமாவில் அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் விடுதிப் பாட்டு, டிஸ்கோ பாட்டு. 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா'வில் ஆஷா போஸ்லேயோடு பாடினார். 'அர்மான்' படத்தின் 'ரம்பா ஹோ', 'டிஸ்கோ டான்ஸர்' படத்தின் 'கோயி யஹான் நாச்சே நாச்சே' இரண்டுக்கும் நாடே ஆடியது. நமக்கோ 'அஞ்சலி'யின் 'வேகம் வேகம் போகும் போகும்'. இளையராஜா அந்தக் குரலை விண்வெளிக்கே அனுப்பிவைத்தார்! ஆனால் கதாநாயகிக்குப் பாடுவதென்றால் மெல்லிய உச்சக் குரல் வேண்டும் என்று இந்தி சினிமா ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தது. அந்தக் கணக்குக்குள் உஷா ஒருநாளும் அடங்கவில்லை. தொண்ணூறுகளுக்குப் பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் அழைப்பு. மேடையில் மட்டும் அவர் ஓய்ந்ததே இல்லை.

இப்போது திரைக்குப் பின்னால் போகலாம், வாங்க.

'7 கூன் மாஃப்' ரஸ்கின் பாண்டின் 'சுசன்னாவின் ஏழு கணவர்கள்' கதையிலிருந்து வந்த படம். சிறுகதையாக இருந்ததை விஷாலுக்காகக் குறுநாவலாக விரித்துக் கொடுத்தார் பாண்ட். படத்தில் பாதிரியாராகவும் வந்து போகிறார். பிரியங்கா சோப்ரா ஒவ்வொருவராகக் கட்டிக்கொள்கிறார், ஒவ்வொருவராகப் பரலோகம் அனுப்புகிறார். விஷால் பரத்வாஜ் இயக்குநராவதற்கு முன்பே இசையமைப்பாளர். அதனால் ஒவ்வொரு கணவனுக்கும் ஒரு தனி இசை உலகத்தையே தைத்துக் கொடுத்துவிட்டார். ராக் பாடகனாக வரும் ஜான் ஆபிரகாமுக்கு, மும்பை ராக் மேடைகளில் வளர்ந்த சூரஜ் ஜகனின் கரகரப்பு. கவிஞனாக வரும் இர்ஃபான் கானுக்கு, விஷாலே பாடிய 'பேகரான்'. காதோரம் பேசுவது போல ஒரு பாட்டு. ரஷ்யக் கணவனுக்கு 'டார்லிங்'. வரிகள் குல்ஸார். ஏழாவது கணவன் யார் என்று நான் வாய் திறக்க மாட்டேன், படத்தைப் பாருங்கள். படத்தைப் பார்க்காமல் பாடல்களை மட்டும் வரிசையாகக் கேட்டாலும், வேடம் மாற்றி மாற்றி வரும் ஒரு நாடகத்தைக் கேட்ட நிறைவு வந்துவிடும்.

இந்த வீட்டில் உஷா யார் தெரியுமா? மேகி ஆன்ட்டி! சுசன்னாவின் விசுவாசமான வேலைக்காரி, கொலைகளுக்குக் கூடமாட ஒத்தாசை. எனக்கு இந்த இடம் வந்தால் கை தட்டத் தோன்றும். திரையில் பிணத்தை மறைக்க உதவுகிற அதே அம்மாள், பாட்டில் அந்தச் சுசன்னாவுக்கே குரல் கொடுக்கிறார். வேலைக்காரி வேடத்தில் கூட்டிவந்து, எஜமானியின் தொண்டையில் உட்கார வைத்திருக்கிறார் விஷால்!

'டார்லிங்' மெட்டின் பின்னணி இன்னும் ருசியானது. அது 'கலின்கா' என்ற ரஷ்யப் பாட்டு. இவான் லாரியோனோவ் 1860-இல் எழுதியது. முதன்முதலில் அரங்கேறியது எங்கே? சராடோவ் நகரில், அவரே இசையமைத்த ஒரு நாடக நிகழ்ச்சியில். பிறப்பிலேயே மேடை ரத்தம்! பின்னாளில் ரஷ்ய ராணுவத்தின் அலெக்ஸாந்த்ரோவ் குழு அதை உலகமெல்லாம் கொண்டுபோனது. அந்தப் பல்லவியின் சூட்சுமம் வேகத்தில் இருக்கிறது. சோம்பல் முறிப்பது போல மெதுவாக ஆரம்பித்து, ஒவ்வொரு சுற்றிலும் காலம் ஏறி, கடைசியில் மூச்சு வாங்க ஓடும். கேட்பவன் கால் தானாகத் தட்டும். பாடுகிறவருக்கோ அது பெரிய சோதனை. வேகம் கூடும்போது சொல் நசுங்கக்கூடாது, குறும்பும் குறையக்கூடாது. பல வருஷம் விடுதியில் சாப்பாட்டுத் தட்டுச் சத்தத்துக்கு மேலே பாடி, பேசிக்கொண்டிருப்பவனைத் திரும்பிப் பார்க்க வைத்த ஒருவருக்கு இந்த வித்தை அத்துப்படி.

கூடப் பாடியவர் ரேகா பரத்வாஜ், விஷாலின் மனைவி. 'ஓம்காரா'வின் 'நமக் இஷ்க் கா' பாடியவர். அவருடையதும் பழைய கணக்குக்கு அடங்காத குரல். ரேகாவின் குரலில் புகை இருக்கும், உஷாவின் குரலில் தணல் இருக்கும். இரண்டு கனத்த பெண் குரல்கள் தோளோடு தோள் உரசி, வெட்கமே இல்லாமல் காதலைச் சொல்கின்றன. பிரியங்காவின் உதட்டில் அந்தக் குரல்கள் வந்து உட்காரும்போது, இந்தி சினிமாக் கதாநாயகியின் உடம்பே கொஞ்சம் பெரிதாகிவிட்டது போல எனக்குத் தோன்றியது.

அதோடு விட்டார்களா? அதே தட்டில் 'தூஸ்ரி டார்லிங்' என்று இன்னொரு பாட்டு. அதே மெட்டு, ஆனால் ராக்! உஷா, ரேகாவோடு கிளின்டன் செரேஜோவும் ஃபிரான்சுவா கஸ்டெலினோவும் சேர்ந்துகொண்டார்கள். முதல் 'டார்லிங்'தான் எல்லாக் கல்யாண வீட்டிலும் ஒலித்தது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பிரமாதம். ரஷ்யக் கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு, ஃப்ளின்ட்ஸ்டோன்ஸோடு பாடிய அந்தப் பழைய உஷா ஐயர் கிட்டாருக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார். நாற்பது வருஷம் போனதே தெரியவில்லை.

2012 ஜனவரியில் முதல் 'டார்லிங்' பாட்டுக்காக ரேகாவுக்கும் உஷாவுக்கும் சேர்த்து சிறந்த பின்னணிப் பாடகி ஃபிலிம்ஃபேர் விருது. உஷாவுக்கு அதுதான் முதல் ஃபிலிம்ஃபேர். 'ரம்பா ஹோ'வுக்குக் கிடைக்கவில்லை. 'ஹரி ஓம் ஹரி'க்கும் கிடைக்கவில்லை. தாமதம்தான், எனக்கு அதில் கோபம் உண்டு. ஆனால் வந்தபோது சும்மா ஆறுதல் பரிசாக, வாழ்நாள் சாதனை என்று சால்வை போர்த்தி வரவில்லை. அந்த வருஷத்தின் பாட்டு என்று போட்டியில் ஜெயித்து வந்தது. அறுபத்து நாலு வயதில்!

அதற்குப் பிறகும் அம்மா அடங்கினாரா என்றால், எங்கே! 2023-இல் அதே டிரிங்காஸில் மைலி சைரஸின் 'ஃபிளவர்ஸ்' பாட்டை அவர் பாடிய வீடியோ கைக்குக் கை பறந்தது. 2024-இல் பத்மபூஷண் வந்தது. எங்கள் செம்பூரில் வளர்ந்த சங்கர் மகாதேவனைப் பற்றிப் பெருமையடிக்க எப்போதும் ஆள் இருக்கிறது. தாராவிப் பையன்களின் தமிழ் ராப் 'காலா' படம் வரைக்கும் போய்விட்டது. பைக்குல்லாவில் தாளக்கட்டை தட்டிய இந்தப் பெண்ணையும் அந்தப் பட்டியலில் மேலேயே எழுதுங்கள். எழுதுவதற்கு முன்னால் 'தூஸ்ரி டார்லிங்'கைப் போட்டு, பக்கத்து ஃபிளாட்காரர் கதவைத் தட்டுகிற அளவுக்குச் சத்தத்தைக் கூட்டி வையுங்கள். தட்டினால் அவரையும் உள்ளே கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.